ரோட்டரியைக் கழற்றி இன்லைன் மாட்டுவது

பழைய பேக்கோ, லோடர், கம்ப்ரசர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டரி டீசல் பம்ப் இரண்டு மூன்று தடவை தகராறு செய்தால், அதைக் கழற்றிவிட்டு இன்லைன் பம்ப் மாட்டிவிடுவார்கள். இனிமேல் தொல்லையே இருக்காது என்று மெக்கானிக்கும் சொல்வார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு உரிமையாளர் நிறையச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். பெர்கின்ஸ் எஞ்சின்களில் நெடுங்காலம் வந்த சி.ஏ.வி. டி.பி.ஏ. பம்பில், எதிரெதிராக அமைந்த இரண்டு பிளஞ்சர்கள்தான் எல்லா சிலிண்டருக்கும் அழுத்தம் தருகின்றன. சுழலும் ரோட்டர் அதைப் பங்கிடுகிறது. உள்ளே ஓடும் பாகங்களுக்கெல்லாம் மசகு அந்த டீசலேதான். தண்ணீர் கலந்த டீசல் உள்ளே போனால் எரிபொருளும் கெடுகிறது, மசகும் கெடுகிறது. இன்லைனிலோ சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர். கீழே கேம் ஷாஃப்ட் எண்ணெயில் ஓடுகிறது. பாஷ் நிறுவனம் 1927-இல் தொடர் உற்பத்தியைத் தொடங்கிய காலத்து அடிப்படை அமைப்பு இது. ஒரு பிளஞ்சர் தேய்ந்தாலும் மற்ற சிலிண்டர்களைக் கொண்டு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்துவிடலாம். பம்ப் கடை பக்கத்தில் இல்லாத குவாரியில் இது பெரிய பலம், சந்தேகமில்லை.

ஆனால் தூக்கி எறியப்படும் ரோட்டரி பம்புகளில் எத்தனை உண்மையிலேயே கெட்டவை? தேய்மானத்துக்குத் தெளிவான அடையாளம் இருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சின் உடனே பிடிக்கும்; மதியம் சூடாக அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. சூட்டில் இளகிய டீசல், தேய்ந்த ரோட்டரின் சந்து வழியே கசிந்து அழுத்தத்தை இழப்பதே காரணம். நின்றுபோன எஞ்சினின் பம்பை ஈரத்துணியால் குளிர்வித்ததும் பிடித்துக்கொண்டால், ரோட்டர் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். (ஓடும் பம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, ரோட்டர் இறுகிவிடும்.) இந்த அறிகுறி இல்லாமல் இழுவை குறைகிறது, நடுவில் நின்றுபோகிறது என்றால் முதலில் பம்புக்கு வெளியே தேட வேண்டும். சுத்தமான டீசலை ஒரு கேனில் எடுத்து, பம்பைவிட உயரத்தில் தொங்கவிட்டு நேராக இணைத்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சீராக ஓடினால் குற்றவாளி டேங்க், ஃபீடு பம்ப், ஃபில்டர், அல்லது காற்று இழுக்கும் ஒரு வாஷர். பழைய ரூசா மாஸ்டர் வகையில் கவர்னரிலுள்ள ரப்பர் வளையம் உதிர்ந்து ரிட்டர்ன் வழியை அடைத்தாலும் எஞ்சின் நிற்கும். அந்தச் சிறு வளையத்துக்காக முழு பம்பையும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம்.

இப்போதைய டீசலில் பசை இல்லை என்று பழி போடுவதும் சரியில்லை. 2020 ஏப்ரல் முதல் இந்திய டீசல் தரவிதி கந்தகத்தை 10 பி.பி.எம். அளவுக்குக் குறைத்தது உண்மை. ஆனால் அதே தரவிதியில் மசகுத் தன்மைக்கும் தனி வரம்பு இருக்கிறது. பம்பைக் கொல்வது பெரும்பாலும் பேரலிலும் டேங்கிலும் தேங்கும் தண்ணீர்தான். அந்த டேங்கைக் கழுவாமல் மாட்டினால், இன்லைனின் பிளஞ்சரையும் அது விடாது.

மாற்றிய பிறகு வரும் சிக்கல்களை மாட்டும்போது யாரும் சொல்வதில்லை. பிராக்கெட், கியர், நாசில் பைப்புகள், எண்ணெய் போகவும் திரும்பவும் வழி என்று எல்லாமே புதிதாக வேண்டும். ரோட்டரியில் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் அமைப்பு இருக்கும். சிறிய இன்லைன்கள் பலவற்றில் அது கிடையாது. பழைய குறியிலேயே வைத்தால் வெள்ளைப் புகை, இல்லையென்றால் நாக்கிங். எஞ்சின் எண்ணெயில் ஓடும் இன்லைனில் பிளஞ்சர் கசிந்தால் டீசல் நேராக சம்ப்பில் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். இதைவிட ஆபத்தானது, பல மாதம் சும்மா நின்ற வண்டியில் துருப்பிடித்து இறுகும் ரேக், அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு. அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். ஸ்டாப் லிவரும் அதே ரேக்கைத்தான் இழுக்கிறது என்பதால், உடனே நிறுத்தக் காற்று வழியை அடைக்க வேண்டியிருக்கும்.

அதே எஞ்சினுக்குத் தயாரிப்பாளரே இன்லைன் கொடுத்திருந்து, பாகங்கள் முழு செட்டாகக் கிடைத்தால் மாற்றலாம், தயங்க வேண்டாம். வேறு எஞ்சினின் பம்பைக் கொண்டுவந்து வெல்டிங் வைத்துப் பொருத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பணத்தில் ரோட்டரிக்குப் புது ஹெட்டும் ரோட்டரும் போட்டு, டெஸ்ட் பெஞ்சில் அளவு வைத்து, நாசில்களையும் சோதித்துவிடலாம். கூடவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை மாட்டி, தினமும் காலையில் அதன் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க ஆபரேட்டரைப் பழக்க வேண்டும்.