டால்ஸ்டாயும் எரிந்த ஊரும்

போர்க்களத்தில் நின்றவர் எழுதும் போர் இலக்கியத்திற்குத் தனி மதிப்பு உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், அவர் எந்த அணியில் நின்றார் என்ற வினாவைக் கைவிட இயலாது. லியோ டால்ஸ்டாயின் காக்கசஸ் கதைகளை வாசிக்கும் முஸ்லிம் வாசகரிடம் இவ்வினா கூர்மையாகவே எழும். அவர் நின்றது செச்னியாவையும் தாகெஸ்தானையும் அடக்கப் புறப்பட்ட ஜாரின் படையில்.

1851இல், தம் 22ஆம் வயதில் காக்கசஸ் சென்ற அவர், அவ்வாண்டுக் கோடையிலேயே தன்னார்வலராக ஒரு தாக்குதலில் பங்கேற்றார். மறு ஆண்டு படையில் முறைப்படி சேர்ந்தார். 1853இல் வெளிவந்த 'தாக்குதல்' என்னும் கதை அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. கதை என்பதைவிட நினைவுக் குறிப்பு எனத் தகும். வீரம் என்பது யாது என்பதே அதன் கவலை. சூறையாடப்படும் ஊர் அதில் வருகிறது. ஊராரின் உள்ளம் வரவில்லை. செவஸ்தபோல் முற்றுகைச் சித்திரங்களையும் எழுதிவிட்டு, 1856இல் அவர் படையிலிருந்து விலகினார்.

1851ஆம் ஆண்டின் இறுதியில், அவார் தளபதி ஹாஜி முராத் இமாம் ஷாமிலைப் பிரிந்து ரஷ்யரிடம் சரணடைந்தபோது, டால்ஸ்டாய் திப்லிஸ் நகரில் இருந்தார். அச்செயலை இழிவானதென்று தம் அண்ணனுக்குக் கடிதமும் எழுதினார். அதே மனிதரைப் பற்றி 1896இல் எழுதத் தொடங்கி, 1904 வரை திருத்திக்கொண்டேயிருந்தார். ஹாஜி முராதைத் தம் வீட்டில் தங்கவைத்திருந்த அதிகாரியின் மனைவிக்கு எழுதி, அவர் நொண்டி நடந்தாரா என்றுகூட விசாரித்தார். நூல் வெளிவந்தது அவர் மறைந்தபின், 1912இல்.

அக்குறுநாவலின் 16, 17ஆம் அத்தியாயங்களை நாம் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். முதலாவதில் பட்லர் என்ற இளம் அதிகாரி ஒரு செச்னிய ஊரைத் தாக்கும் படையுடன் உற்சாகமாகச் செல்கிறான். போரின் மறுபக்கம் அவன் கற்பனைக்கு எட்டுவதேயில்லை. இவனிடம் இளம் டால்ஸ்டாயை அடையாளம் காண்பது கடினமன்று. அடுத்த அத்தியாயம் இரண்டொரு பக்கங்களே. ஹாஜி முராதுக்கு ஓரிரவு அடைக்கலம் தந்த சாதோ, எரிந்த தன் ஊருக்குத் திரும்புகிறான். முதுகில் துப்பாக்கி ஈட்டியால் குத்துண்ட மகனின் உடலைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவருகின்றனர். தேன்கூடுகளும் பழமரங்களும் கருகிக் கிடக்கின்றன. ஊற்று அசுத்தமாக்கப்பட்டிருக்கிறது, பள்ளிவாசலும் அவ்வாறே. முல்லாவும் மாணவர்களும் அதனைத் துப்புரவு செய்கின்றனர். முதியவர் ஒருவர் ஒரு குச்சியைச் சீவியபடி வெறித்து அமர்ந்திருக்கிறார். படையோடு வந்தவனின் கண்ணுக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்காது. அவன் அதற்குள் பாசறை திரும்பியிருப்பான். 1853இல் வெளியே நின்றுவிட்ட எழுத்தாளர், அரை நூற்றாண்டுக்குப் பின் அவ்வீட்டினுள் நுழைகிறார். அனுபவம் தராததைப் புனைவு தந்தது என்றே சொல்லவேண்டும்.

இமாம் ஷாமிலின் சித்திரத்தில் நமக்கு இவ்வளவு நிறைவில்லை. ஜார் நிகோலஸின் எதிர்ப்பிம்பமாக, அதிகாரத்தின் நடிப்பில் சிக்கியவராகவே அவர் வருகிறார். நக்‌ஷபந்தி தரீக்காவின் பயிற்சி அந்த மலைமக்களை எவ்வாறு ஒன்றிணைத்தது என்பது நூலில் மங்கலாகவே உள்ளது. இதனைப் பகைமையின் விளைவாக நாம் கருதவில்லை. ஜார் மன்னருக்கு இதைவிடக் கடுமையான பக்கங்களையே டால்ஸ்டாய் ஒதுக்கியிருக்கிறார். சாதோவின் வாசலைக் கடந்த அவரால், அவ்வூர் முதியோர் தொழுதுவிட்டு ஷாமிலிடமே மீண்டும் தூதனுப்பத் துணிந்ததன் காரணத்தை முழுதாகச் சொல்ல இயலவில்லை.