ஒற்றைக் கோட்டில் ஒரு கம்பம்

2007 செப்டம்பர், நோன்பு மாதம். மலேசியாவின் டிவி9 அலைவரிசையில் ஆறே ஆறு குட்டி அத்தியாயங்களாக 'உப்பின் இப்பின்' கார்ட்டூன் வந்தது. தயாரித்த லெஸ் கோபாக் நிறுவனம் அப்போது 'கெங்' என்ற முழுநீளப் படத்துக்குத் தயாராகிக் கொண்டிருந்தது. உள்நாட்டுக் கார்ட்டூனை மக்கள் ஏற்பார்களா என்று ஆழம் பார்க்கத்தான் இந்த ஆறு அத்தியாயங்களும். படம் 2009இல் வெளியானது. ஆனால், குழந்தைகள் மனத்தில் தங்கியது ஆழம் பார்க்க விட்ட தொடர்தான்.

அந்த முதல் அத்தியாயங்களில் அப்படி என்ன இருக்கிறது? மிகக் கொஞ்சமே இருக்கிறது, அதுவே அவற்றின் பலம். பெற்றோர் இல்லாத, ஐந்து வயது இரட்டையர். ஒரு பாட்டி, அதட்டும் அக்காள் ரோஸ், அண்டை வீட்டுத் தோக் டாலாங், அவருடைய சேவல். வில்லன் கிடையாது, மாய சக்தியும் கிடையாது. நோன்புக்கு முந்திய நாளில் தொடங்கும் கதை பெருநாளில் முடிகிறது. பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே ஐந்து வயதுக்குப் பெரும் சோதனை. பெரியவர்கள் அற்பம் என்று தள்ளும் ஒன்றைக் குழந்தையின் அளவுக்கே பெரிதாகக் காட்டினார்கள்.

அதனால்தான் நோன்பு இருக்காத வீட்டுப் பிள்ளைக்கும் இது புரிந்தது. நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களை எடுத்துக்கொண்டால், லயத்து வீட்டில் தைப்பூசத்துக்கு விரதம் பிடித்தால் பிள்ளைகளும் நாள் கணக்கில் சைவம்தான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் கோழி பொரித்தால் மூக்கு அங்கேயே போய் நிற்கும். கோழி என்றால் உயிரை விடும் இப்பினின் தவிப்பை அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். வீட்டிலும் விளையாட்டிலும் தமிழே பேசிவிட்டு முதலாம் ஆண்டில் நுழையும் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு மலாய் பெரும்பாலும் பாடநூலில்தான் எதிர்ப்படுகிறது. இங்கேயோ குட்டி வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள், கூடவே முகபாவம். இப்பின் எதற்கும் 'பெத்தூல்' (சரி) என்று மூன்று முறை தலையாட்டும்போது அந்தச் சொல் காதில் ஒட்டிக்கொள்கிறது.

அத்தியாயங்கள் சில நிமிடங்களே ஓடுவதால் யாரையும் விரிவாக அறிமுகப்படுத்த நேரமில்லை. ஆகவே, ஒற்றைக் கோட்டில் வரைந்ததுபோல் ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுத்துவிட்டார்கள். உப்பினுக்கு உச்சந்தலையில் ஒற்றை முடி, இப்பினுக்கு மொட்டைத் தலையும் கழுத்தில் துணியும். நண்பர்களும் அப்படியே: ஜர்ஜித் வாயைத் திறந்தால் பந்துன் என்னும் மலாய்க் கவிதை, மெய் மெய் படிப்பில் கெட்டி, மெயில் கோழி விற்பவன். குரல் கேட்டதுமே யார் வருகிறார் என்று குழந்தை கண்டுபிடித்துவிடும். அந்த முந்திக்கொள்ளும் மகிழ்ச்சிதான் இந்த உத்தி தரும் பரிசு.

சிக்கலும் இதே உத்தியில்தான் இருக்கிறது: அந்தக் கோட்டுக்குப் பின்னால் வாழ்க்கை இல்லாவிட்டால் பாத்திரம் வளர்வதில்லை.

மெயிலைப் பாருங்கள். அம்மாவுக்கு வியாபாரத்தில் ஒத்தாசை செய்கிறான், வகுப்பில் தூங்கி வழிகிறான். அவனுடைய ஒற்றைக் கோடு பிழைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. செம்பனைத் தோட்டத்தில் பெற்றோருடன் உதிரிப் பழம் பொறுக்கப் போகும் பிள்ளைக்கு அந்தத் தூக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதனால் மெயில் வளர்கிறான், அவனைச் சுற்றிப் புதுப் புதுக் கதைகள் முளைக்கின்றன.

இரட்டையரின் இந்திய நண்பன் ராஜூவின் நிலை வேறு. அவனிடம் சாப்பி என்ற மாடு இருக்கிறது, விலங்குகளோடு பேசவும் தெரியும். இது எவ்வளவு நல்ல விதை! தோட்டத் தமிழர் மாடு வளர்த்தவர்கள். மரங்களுக்கு இடையே மேயவிட்டு, பால் கறந்து விற்று, சம்பளம் போதாத மாதத்தை ஓட்டியவர்கள். ராஜூவின் மாட்டுக்குப் பின்னால் அந்த வாழ்க்கை இல்லை. கடைக்காரர் அங்கிள் முத்துவும் கதை நடக்க ஓர் இடம் தருகிறார், அவருக்கென்று கதை மிகக் குறைவு. பின்னாளில் தீபாவளிக்கென 'பெஸ்தா சஹாயா' அத்தியாயம் வந்தது நல்ல முயற்சிதான். ஆனால், திருநாளுக்கு மட்டும் கதவு திறப்பது போதாது.

உப்பின் இப்பினை உருவாக்கிய இளைஞர்கள் சிலர் பிரிந்து சென்று தொடங்கிய அனிமோன்ஸ்தா, 2011இல் 'போபோய்போய்' தொடரைத் தந்தது. அங்கே கோபால் முன்வரிசை நண்பன், 'டேய்' என்று உரிமையோடு கூப்பிடுகிறான். இது முன்னேற்றமே. இருந்தும் தொடக்க அத்தியாயங்களில் அவன் பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டுப் பிரியன், அப்பாவின் அதட்டலுக்கு நடுங்குபவன். குழந்தைகள் சிரிப்பார்கள், சந்தேகமில்லை. வகுப்பில் இருக்கும் ஒரே தமிழ்ப் பையனைப் பார்த்தும் அதே சிரிப்பு எழுந்தால், அதில் கார்ட்டூனுக்கும் பங்கு உண்டு.

தமிழருக்கு இந்தத் துறை புதிதல்ல. மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமான 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்', 1978இல் ஆனந்தம் சேவியரால் முடிக்கப்பட்டு, 1983இல் ஒளிபரப்பானது. நாட்டின் கார்ட்டூன் வரலாறே ஒரு தமிழரின் கையில் தொடங்குகிறது. அப்படியிருக்க, நெகிரி செம்பிலான் லயத்திலிருந்து ஒரு தொடர் ஏன் முடியாது? ஆறு அத்தியாயம் போதும். விடியலில் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் அம்மா எழுப்பிவிட்ட பிள்ளை, பள்ளிப் பேருந்து வருமுன் தொலைந்த ஒற்றைக் காலணி, மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய நாள், கம்பத்து நண்பனுக்குக் கொண்டுபோகும் முறுக்கு டின். வில்லனே தேவையில்லை, அந்த டின் வழியிலேயே பாதி காலியாகிவிட்டால் கதை வந்துவிடும்.