கையில் பிரதியோடு நடிப்பவர்கள்

புதிய நாடகம் முழு மேடையேற்றத்துக்குப் போகுமுன் அதை வாசித்துக் கேட்கும் வழக்கம் ஆங்கில, அமெரிக்க அரங்குகளில் வேரூன்றிவிட்டது. ஒப்பனையும் காட்சியமைப்பும் இராது. நடிகர்கள் பிரதியும் கையுமாகப் பார்வையாளர் முன் நிற்பார்கள். நாடகாசிரியருக்கான பயிற்சியாகவே இதைப் பேசிப் பழகியிருக்கிறோம். நடிகரின் பக்கம் நின்று பார்த்தால் இது தனியொரு கலை.

லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஜார்ஜ் டிவைன் 1957இல் தொடங்கிய ஞாயிறு இரவு நிகழ்ச்சிகளை இதற்கு முன்னோடி எனலாம். நடிகர்கள் ஒத்திகை பார்த்து நடித்தார்கள். காட்சியமைப்பு மட்டும் கிடையாது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வாட்டர்ஃபோர்டில், 1964இல் ஜார்ஜ் ஒயிட் நிறுவிய யூஜின் ஓநீல் அரங்க மையம் இன்னும் ஒருபடி மேலே போய், பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே நடிப்பதை முறையாக வளர்த்தெடுத்தது. அதன் நாடகாசிரியர் மாநாட்டைச் சுமார் முப்பது ஆண்டுகள் வழிநடத்திய லாய்டு ரிச்சர்ட்ஸ், நடிகராகத் தொடங்கி இயக்குநரானவர். ஆகஸ்ட் வில்சனின் ‘மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்’ 1982இல் அங்கே வாசிக்கப்பட்டு, 1984இல் பிராட்வேயை எட்டியது. அவருடைய ‘ஃபென்சஸ்’ வாசிப்பு நான்கு மணி நேரத்தையும் தாண்டி நீண்டது. தாளில் புலப்படாத நீளம் வாய்விட்டுப் பேசியதும் புலப்பட்டது. வில்சன் வெட்டிச் செதுக்கிய அந்த நாடகம் 1987இல் புலிட்சர் பரிசு பெற்றது.

அமெரிக்க நடிகர் சங்கமான ஈக்விட்டியின் விதிப்படி நடக்கும் வாசிப்புக்கு, ஒத்திகையும் நிகழ்வும் சேர்த்து 29 மணி நேரமே உண்டு. வசனத்தை மனப்பாடம் செய்ய நேரமில்லை. செய்யச் சொல்வதும் கூடாது. கண் தாளில் ஒரு வரியை அள்ளிக்கொண்டு மேலெழ வேண்டும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்லும்போது தாளுக்குள் ஒளிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினம். முத்தத்தையும் அடிதடியையும் மேடைக் குறிப்பாக வேறொருவர் வாசிக்க, அது நடந்து முடிந்த உணர்வோடு அடுத்த வரிக்குப் போக வேண்டும். காலையில் கைக்கு வந்த புதுப் பக்கம் மாலையில் பார்வையாளர் முன் பேசப்படும்.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. தேர்ந்த நடிகரால் பலவீனமான வசனத்தைக் குரலாலும் இடைவெளியாலும் தூக்கி நிறுத்திவிட முடியும். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஓட்டை எங்கே என்று நாடகாசிரியருக்குத் தெரியாமலே போய்விடும். எழுதியதை எழுதியபடி ஒலிக்கவிட்டு, ஓட்டையையும் காதில் விழச் செய்பவரே நல்ல வாசிப்பு நடிகர். தன் திறமையை அடக்கிக்கொள்ளும் இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கையில் பிரதியோடு நடிக்கும் இந்த அனுபவத்தின் எல்லைக்கே போனவர் ஈரானிய நாடகாசிரியர் நசீம் சுலைமான்பூர். கட்டாய ராணுவ சேவையை மறுத்ததால் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டுக்குள்ளேயே இருந்தவர், 2011இல் அரங்கேறிய ‘ஒயிட் ராபிட் ரெட் ராபிட்’ நாடகத்தைத் தனக்குப் பதிலாகப் பயணம் போக அனுப்பினார். ஒவ்வொரு முறையும் புதிய நடிகர் ஒருவர், ஒத்திகையும் இயக்குநரும் இல்லாமல், மூடி முத்திரையிட்ட உறையைப் பார்வையாளர் முன் பிரித்து முதன்முறையாக வாசிக்கிறார்.

வாசிப்பில் பாத்திரத்துக்கு உருக்கொடுத்தவரே மேடையேற்றத்திலும் நடிப்பார் என்ற உறுதி இல்லை. பெயர் பெற்ற நட்சத்திரம் அந்த இடத்துக்கு வருவது சாதாரணம். பல வார உருவாக்கப் பட்டறைகளில் உழைத்த நடிகர்களுக்கும் இலாபத்தில் பங்கு வேண்டும் என்று ஈக்விட்டி போராடி, 2019இல் பிராட்வே தயாரிப்பாளர்களிடம் ஒரு சதவீதம் பெற்றது. சில நாள் வாசிப்பில் பங்கெடுத்தவருக்குப் பணத்தில் எவ்வளவு பங்கு என்பது விவாதத்துக்குரியதாக இருக்கலாம். பெயரில் அப்படி விவாதிக்க ஒன்றுமில்லை. நாடகம் நூலாகும்போது, அதை முதலில் வாசித்த நடிகர்களின் பெயர்களையும் பதிப்பாளர்கள் தவறாமல் அச்சிட வேண்டும்.