கண்ணீரின் சமூக அடித்தளம்

1961ஆம் ஆண்டு வெளிவந்த, ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ வளர்ந்த ஆண்களையும் அழவைத்த படமெனப் பெயர்பெற்றது. அக்கண்ணீரை வெறும் மிகையுணர்ச்சியென ஒதுக்கிவிடுதல் விமர்சனமாகாது. அது எங்கிருந்து பிறக்கின்றது என்பதே நம் வினா.

அட்டாளைச்சேனை உள்ளிட்ட அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் மணமகன் பெண்வீட்டிற் குடியேறுவதே வழமை. வீடு சீதனமாகப் பெண்ணுக்கே சேரும். அவ்வீட்டைக் கட்டும் பொறுப்பிலே தந்தையோடு சகோதரரும் பங்கேற்பர். வயலிலும் கடலிலும் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டியவன், சிவாஜி கணேசன் நடித்த ராஜசேகரனிடம் தன்னையே காண்பது இயல்பே. ஆண் அழலாகாதெனும் கட்டுப்பாடு கொட்டகையின் இருளில் தளர்கின்றது.

ஆயின், ராஜசேகரன் ஆலைத் தொழிலாளியாக இருந்து முதலாளியானவன். தொழிலாளர் உரிமைக்காக அவனை எதிர்க்கும் ஆனந்தனே தங்கையின் கணவனாகிறான். வர்க்க முரண்பாடு குடும்பப் பூசலாகச் சுருங்குகின்றது. அண்ணனும் தங்கையும் இறக்க, தொழிலாளர் கோரிக்கை மறக்கப்படுகின்றது. உழைப்பாளியான ரசிகன் முதலாளிக்காக அழுதுவிட்டு எழுகிறான்.

எனவே, கண்ணீரும் உண்மை. அது கரைத்துவிடும் வினாவும் உண்மை. சீதனச் சுமையை விதியாகவன்றி, மனிதர் மாற்றத்தக்க சமூக ஏற்பாடாகக் காட்டும் கலையே நமக்கு வேண்டுவது.