தீயணைத்தவர்களும் ஒரு கப்பலும்

போர்ப்படம் என்றால் துப்பாக்கியும் எதிரியும் இருந்தே தீரவேண்டும் என்பது பொது எண்ணம். ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் இயக்கி 1943-இல் வெளிவந்த 'ஃபயர்ஸ் வேர் ஸ்டார்ட்டட்' என்னும் ஆங்கிலப்படம் அதைப் பொய்யாக்குகிறது. எதிரியின் முகம் ஒரு தடவைகூட வருவதில்லை. தீ மட்டும்தான் வருகிறது.

லண்டன்மீது 1940 செப்டம்பர் 7 முதல் தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்த சாதாரணத் தொண்டர்கள் தீயோடு போராடினார்கள். முழுநேர ஊழியருக்கு வாரம் 3 பவுண்டு சம்பளம். குண்டு விழாத முதல் மாதங்களில், பட்டாளத்துக்குப் பயந்து இங்கே ஒளிஞ்சிருக்காங்க என்ற ஏச்சுப்பேச்சும் கேட்டார்கள். அப்படிப்பட்ட நிஜத் தீயணைப்பாளர்களையே ஜென்னிங்ஸ் நடிக்கவைத்தார். புதிதாகச் சேரும் பாரெட்டாக வரும் வில்லியம் சான்சம், அந்தப் பணியிலிருந்த எழுத்தாளர்.

முற்பாதியில் பயிற்சி, வேலை, பியானோ, பாட்டு, அவசரமே இல்லை. அதனால்தான் இரவில் கிடங்கு பற்றி எரியும்போது அவர்கள் நமக்கு வேண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள். மனைவியைச் சின்னக் கடையில் விட்டுவிட்டு வந்த ஜாக்கோ, காயம்பட்ட அதிகாரியைக் கயிற்றில் இறக்கிவிட்டுத் தாம் மாண்டுபோகிறார். மறுநாள் அந்தக் கடையில் மனைவி வானொலிச் செய்தி கேட்கிறாள். விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. கடைக்காரனான எனக்கு அந்தக் காட்சி தாங்கவில்லை.

எங்கள் சமண மரபு இல்லறத்தாருக்கு அணுவிரதம் சொல்கிறது. மனமறிந்து கொல்வது சங்கற்ப இம்சை. அதை அறவே விடவேண்டும். தற்காப்பில் நேர்வது விரோதி இம்சை. இல்லறத்தார் அதை முழுதும் தவிர்க்க இயலாது என்று ஒப்புக்கொள்கிறார்கள். இந்தத் தொண்டர்களுக்கு அந்தச் சலுகைகூடத் தேவைப்படவில்லை. யாரையும் கொல்லாமலே ஊரைக் காத்தார்கள்.

இங்கேதான் படத்தோடு எனக்குச் சண்டை. கிடங்குக்குப் பக்கத்தில் வெடிமருந்துக் கப்பல் நிற்கிறது, அது தப்புகிறது. முடிவில் ஜாக்கோவின் இறுதிச் சடங்கும் கப்பல் புறப்படுவதும் மாறிமாறி வருகின்றன. இதற்காகத்தான் அவர் செத்தார் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. போர் நடுவே அரசாங்கப் படப்பிரிவு எடுத்த படம். அந்தக் கட்டாயம் புரிகிறது. ஆனாலும் கொல்லாமல் காத்தவர்களின் பெருமையை, கொல்லப்போகும் சரக்கை வைத்தா அளப்பது?

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கவேண்டிய படம் இது, சந்தேகமில்லை. ஐந்தொகையில் ஜாக்கோ பெயருக்கு நேரே ஜென்னிங்ஸ் கப்பலை வரவு வைத்தார். நானாக இருந்தால், கயிற்றில் இறங்கிய அந்த ஓர் உயிரை வரவு வைத்திருப்பேன்.