ஒரு பக்கம் வாய்விட்டு

நாகூரிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காரைக்கால் தாண்டித் தரங்கம்பாடி. தெற்கே போனால் நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி. வடக்கே லுத்தரன் மிஷன் அச்சகம் வைத்த ஊர். தெற்கே செபமாலையும் நவநாள் புத்தகமும் கூடை கூடையாக விற்கிற ஊர். தமிழ்க் கிறிஸ்தவ நூல்களில் ருசி உள்ளவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. நடுவில் இருக்கும் நாகூரோ தர்காவின் ஊர். இங்கே பக்தி முதலில் காது வழியாகத்தான் நுழையும். முனாஜாத்து என்னும் வேண்டுதல் பாடல் ஓதுவதைக் கேட்டும், நாகூர் ஹனிபாவின் குரலைக் கேட்டும் பழகிய காது, பக்தி நூல் எந்தச் சமயத்ததானாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: இதை வாய்விட்டுப் படிக்க முடியுமா?

கிறிஸ்தவப் புத்தகம் வாங்குவதற்கு என் முதல் சோதனையும் அதுதான். கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்து மெல்லிய குரலில் படிப்பேன். மூச்சு வாங்க இடம் விட்டிருந்தால் மேற்கொண்டு பார்ப்பேன். நாக்கு இடறினால், எவ்வளவு பெரிய போதகர் எழுதியிருந்தாலும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். அனுதின தியான நூல்கள் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை. ஆங்கிலத்தில் யாரோ எழுதியதை அவசரமாகத் தமிழாக்கியிருப்பார்கள். எழுவாய் ஒரு கரையில் நிற்கும், பயனிலை மறுகரையில் நிற்கும். விடியற்காலையில் ஜெபிக்க உட்கார்ந்தவருக்கு அந்த ஆற்றைக் கடக்கத் தெம்பு இருக்காது.

தேறுகிற புத்தகத்துக்கு உதாரணம் கிறிஸ்தவக் கீர்த்தனைகள். 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்து அச்சிட்டதில் தொடங்கிய மரபு இது. அதில் ஒரு பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். பாட்டின் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். கீழே பல்லவி, அனுபல்லவி, சரணம். ஸ்வரக்குறிப்பு கிடையாது. ராகத்தின் பெயர் தெரிந்தால் போதும், மீதியைச் சபை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அச்சிட்ட பக்கம் அது. பாடகரை நம்புகிற புத்தகத்தை நாமும் நம்பி வாங்கலாம்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது தஞ்சாவூர். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், இரண்டாம் சரபோஜியின் பள்ளித் தோழர். அரண்மனையும் பெரிய கோயிலும் குறவஞ்சி ஆட்டத்தில் திளைத்திருந்த காலத்தில், அதே வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். உலா உண்டு, தலைவி உண்டு, குறி சொல்லக் குறத்தியும் உண்டு. குறி மட்டும் வேதாகமத்துக் குறி. கேட்கிறவர்களுக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும். புதிதாகக் கற்க வேண்டியது செய்தி ஒன்றுதான்.

வீரமாமுனிவரிடமும் இந்தச் சாமர்த்தியத்தைப் பார்க்கலாம். புனித சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுத் தலைவனாக்கிய தேம்பாவணி, 3,615 பாடல்களும் 36 படலங்களும் கொண்ட காப்பியம். அதன் நாட்டுப்படலத்தில் வரும் யூதேயா, நீரும் வயலும் நிறைந்த நம் மருத நிலம்போலவே இருக்கும். பாலஸ்தீனத்தின் கல்லும் மண்ணும் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு அது சொந்த ஊருக்குள் நுழைகிற வாசல். பனியனின் மோட்சப் பயணக் கதையைக் கம்பனின் நடையில் காப்பியமாக்கிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894) இந்த வரிசையில் வருவதே. பக்திக்கென்று வாங்கும் நூலில் நான் தேடுவது இந்த வீட்டுவாசனையைத்தான்.

படிப்புக்கு வாங்கும் நூல் வேறு சாதி. அங்கே இனிமை மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். விளக்கவுரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன்: முன்னுரையைப் படிக்காதீர்கள். லூக்கா 16-ஆம் அதிகாரத்துக்கான பக்கத்தைப் புரட்டுங்கள். அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமை அங்கே வரும். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், எஜமானுக்குக் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும் நூறு கலம் கோதுமையை எண்பதாகவும் சீட்டில் மாற்றி எழுதச் சொல்கிறான். எஜமானோ அவனைப் பாராட்டுகிறார். மிராசுதாரும் குத்தகையும் கணக்குப்பிள்ளையும் தெரிந்த நம் டெல்டாக்காரர்களுக்குக் கதை உடனே விளங்கும், பாராட்டுத்தான் விளங்காது.

நல்ல உரையாசிரியர் இங்கே நின்று வியர்ப்பார். அவன் தள்ளியது தன் சொந்தக் கமிஷனைத்தான் என்று சிலர் சொல்வதைச் சொல்வார். நியாயப்பிரமாணம் தடுத்த வட்டியைக் கடனுக்குள் மறைத்து வைத்திருந்தார்கள், அதைத்தான் கழித்தான் என்று வேறு சிலர் சொல்வதையும் சொல்வார். அவன் செய்தது மோசடிதான், மெச்சப்பட்டது நெருக்கடியில் காட்டிய சமயோசிதம் மட்டுமே என்ற மூன்றாவது கருத்தையும் வைத்து, தாம் எந்தப் பக்கம், ஏன் என்றும் எழுதுவார். மோசமான உரை, உண்மையாக இருங்கள் என்று இரண்டு வரி புத்தி சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவும். இந்த ஒரு பக்கத்தில் நழுவுகிறவர் யோபுவிலும் வெளிப்படுத்தின விசேஷத்திலும் கை கொடுக்கமாட்டார்.

படிப்புக்கு இரண்டு மொழிபெயர்ப்பாவது வேண்டும். பப்ரிசியுஸ் ஐயரின் உழைப்பில் வேரூன்றி, பவர் ஐயரின் தலைமையில் 1871-இல் நிறைவேறிய பதிப்புதான் சீர்திருத்த சபைகள் பலவற்றில் இன்றும் ஒலிப்பது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வந்தது. முன்னது மனப்பாடத்துக்கு ஏற்றது, பின்னது புரிதலுக்கு. பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால், இரண்டும் வேறுபடுகிற இடங்களில்தான் கேள்வி பிறக்கும். ஒத்துவாக்கியம் உள்ள பதிப்பாகவும் ஒன்று இருந்துவிட்டால் பாதி நூலகம் கையில் வந்த மாதிரி.

ஊழியத்துக்கான நூல்களுக்கு நம் பக்கத்தில் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. உபதேசியார்களுக்கென்றே வீரமாமுனிவர் எழுதிய வேதியர் ஒழுக்கம் (1727). போதிக்கிறவன் எப்படி வாழவேண்டும் என்பதில் அக்கறை காட்டுகிற உரைநடை நூல் அது. இன்று ஊழிய நூல் என்று விற்பவற்றில் பெரும்பகுதி பிரசங்கக் குறிப்புகள்: மூன்று தலைப்பு, ஒரு கதை, முடிவுரை. அவசரத்துக்கு உதவும், ஆளை உருவாக்காது.

இந்தக் கரையில் ஊழிய நூலை உரசிப்பார்க்க ஒரு கல் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்தது நாகை மாவட்டம். வேளாங்கண்ணிக்குத் திருப்பலிக்கு வந்தவர்களையும் கடல் கொண்டுபோனது. துக்க வீட்டுக்குப் போகிறவருக்கு இந்தப் புத்தகம் என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று தேடிப் பாருங்கள். பேரழிவைத் தண்டனை என்று விளக்கினால் மூடிவிடலாம். எல்லாம் நன்மைக்கே என்று மூன்றாம் நாளே சொல்லச் சொன்னாலும் மூடிவிடலாம். 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அதை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் உட்காரக் கற்றுத்தருகிற நூல் இருந்தால் விலை பார்க்க வேண்டாம்.

கடைசியாக, புத்தகத்தின் உடம்பு. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய புதிய ஏற்பாட்டின் முன்பகுதி 1714-இல் ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த பெரிய எழுத்தில் அச்சானது. அந்த எழுத்து காகிதத்தை விழுங்கியதால், உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்த்து 1715-இல் மீதியை முடித்தார்கள். காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாறில் ஆலையும் வைத்தார்கள். எழுத்தின் அளவு அன்றே பணப்பிரச்சினை, இன்றும் அதுதான். முதியவருக்கு வாங்கினால் பெரிய எழுத்தாகவே வாங்குங்கள், கனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கடலோரத்தில் பின்னடித்த புத்தகத்தை வாங்காதீர்கள். உப்புக்காற்றில் பின் துருவேறி நடுத்தாள் கழன்றுவிடும். தையல் போட்டதா என்று முதுகைத் திருப்பிப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு?

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளை யாராவது கேட்டால் என் வரிசை இதுதான். முதலில் கீர்த்தனைப் புத்தகம். பிறகு இரண்டு மொழிபெயர்ப்பில் வேதாகமம். அடுத்து, லூக்கா 16-இல் நழுவாத விளக்கவுரை ஒன்று. பிரசங்கக் குறிப்புத் தொகுப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்; முதல் மூன்றும் கைவசமானால் அந்தச் செலவு மிச்சம்.