249 கிராம், 120 மீட்டர்: எண்ணூர்க் கரையில் டிஜேஐ மினி 2

டிஜேஐ மினி 2 சந்தைக்கு வந்தது 2020 நவம்பரில். அதற்குப் பிறகு அதே நிறுவனம் இதைவிட நல்ல கேமராவோடு பல மினிகளை இறக்கிவிட்டது. இருந்தும் இந்தப் பழைய மாடலைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. முழு ட்ரோனாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. நேர்வழியில் புது டிஜேஐ வாங்க முடியாத நிலையில், தடைக்கு முன்பே வந்தவைதான் நண்பர்களுக்குள் கைமாறுகின்றன. என்னிடம் இருப்பதும் அப்படி முறையான பில்லோடு வந்தது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கடலோரத்தில் ட்ரோன் வாங்கும் ஆசையில் இருக்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "250 கிராமுக்குக் கீழ என்றால் பிரச்சினையே இல்லையாமே?"

பிரச்சினை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

முதலில் கருவியின் நல்ல பக்கம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். எடை 249 கிராம். நொடிக்கு 30 பிரேமில் 4கே வீடியோ. மூன்று அச்சு கிம்பல் இருப்பதால் கடற்காற்றில் ட்ரோன் ஆடினாலும் படம் ஆடுவதில்லை. காற்றே இல்லாத இடத்தில் 31 நிமிடம் பறக்கும் என்கிறது நிறுவனம். நம் கடற்கரையில் அந்தக் கணக்கு எடுபடாது. 20 நிமிடத்தைத் தாண்டுவதற்குள் இறக்கிவிடுவது நல்லது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைக் காலை வெயிலில் மேலிருந்து பார்க்கும்போது, மணல் திட்டும் சேற்று நீரும் நீலக் கடலும் தனித்தனி நிறங்களாகத் தெரிகின்றன. இரவுக் காட்சிகளில் மட்டும் படத்தின் தெளிவு குறைந்துபோகிறது. சின்ன சென்சார், அவ்வளவுதான் கிடைக்கும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நொடிக்கு 10.5 மீட்டர் வரையான காற்றைத் தாங்கும் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. சென்னையில் விடியற்காலையில் பெரும்பாலும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ட்ரோன் கடல் பக்கம் சிரமமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரியும் குறையாதது போலத் தோன்றும். திரும்பும்போதுதான் எதிர்காற்று. போக ஆன பேட்டரியைப் போல ஒன்றரை மடங்கு வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் நிலைமை தலைகீழ்: ட்ரோன் ஊருக்குள் தள்ளப்படும். அங்கே மின்கம்பிகளும் கைபேசி கோபுரங்களும் காத்திருக்கும்.

இரும்பு இன்னொரு தொல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்தப் பக்கத்தில் நின்று ட்ரோனை எழுப்ப முயன்றால் திசைகாட்டியைச் சரிசெய்யச் சொல்லி ஆப் எச்சரிக்கும். சாலையை விட்டு விலகி, தூண்டில் வளைவுக்கு அருகே வெறும் மணலுக்குப் போனால் எச்சரிக்கை போய்விடுகிறது. சிக்னலும் அப்படித்தான். திறந்தவெளியில் கிலோமீட்டர் கணக்கில் எட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். நடுவே ஒரு கிடங்கோ கன்டெய்னர் அடுக்கோ வந்தால் படம் உறைந்துவிடும்.

சிக்னல் அறுந்தால் என்ன ஆகும் என்பதில்தான் இந்தக் கருவியின் முக்கியமான குணம் இருக்கிறது. 'ரிட்டர்ன் டு ஹோம்' தானாக இயங்கத் தொடங்கும். ஆப்பில் நாம் முன்பே குறித்து வைத்த உயரத்துக்கு ட்ரோன் முதலில் நேராக ஏறும். பிறகு கிளம்பிய இடத்தை நோக்கி வரும். மரத்திலும் கட்டடத்திலும் மோதாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் 30 மீட்டரில் பறந்துகொண்டிருந்த பொருள், நம் கைக்கு அடங்காத நேரத்தில், 100 மீட்டருக்குத் தானே ஏறுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். மேலே யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. மினி 2இல் கீழ்நோக்கிப் பார்க்கும் சென்சார் மட்டுமே உண்டு. முன்னாலும் மேலேயும் அது குருடு.

மேலே யார் இருக்கப் போகிறார்கள்? விமான நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது, நாம் இருப்பதோ வடசென்னையில் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கடலோரத்தில் கவனிக்க வேண்டியவை பயணிகள் விமானங்கள் மட்டும் அல்ல. சென்னை துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் மூன்றும் ஒரே கரையில் வரிசையாக இருக்கின்றன. கடலோரக் காவல்படைக்குச் சென்னையில் தனி விமானத் தளம் உண்டு. அங்கிருந்து டோர்னியர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் கடலோரக் கண்காணிப்புக்குப் பறக்கின்றன. 2022 ஜூனில் துருவ் மார்க் 3 ஹெலிகாப்டர்களுக்கென்று 840ஆம் படைப்பிரிவு சென்னையில் தொடங்கப்பட்டது. கண்காணிப்பு, தேடுதல், மீட்பு எல்லாமே தாழப் பறந்து செய்யும் வேலைகள்.

உயரக் கணக்கைப் பாருங்கள். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் ட்ரோனுக்கு உயர வரம்பு 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. ஆள் நெருக்கமில்லாத இடங்களிலும் கடலுக்கு மேலும் கண்பார்வையை நம்பிப் பறக்கும் சாதாரண விமானங்களுக்கு உலகளவில் பொதுவான அடிமட்ட வரம்பு 500 அடி, 150 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 30 மீட்டர்தான் இடைவெளி. மீட்புப் பணியில் இருக்கும் ஹெலிகாப்டர் அந்த 150 மீட்டருக்கும் கீழே வரும். மினி 2இன் ஆப்போ உயர வரம்பை 500 மீட்டர் வரை ஏற்றிக்கொள்ள விடுகிறது. சட்டம் சொல்லும் 120ஐப் போல நாலு மடங்கு!

இறங்கும் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முறையில் மினி 2 நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். 120 மீட்டரிலிருந்து தரைக்கு வர 40 நொடி. மணிக்கு 250 கிலோமீட்டரில் வரும் ஹெலிகாப்டர் அதே 40 நொடியில் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் கடந்துவிடும். அலைச் சத்தத்தில், திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் காதில் அது விழும்போது பெரும்பாலும் அதைவிடக் கிட்டே வந்திருக்கும். 60 மீட்டரில் இருந்தால் 20 நொடி போதும். நான் 60 மீட்டருக்கு மேல் ஏற்றாததற்கு இந்தக் கணக்கே காரணம்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு காலையில் ட்ரோன் மேலே இருந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "தம்பி, எறக்குப்பா. கோஸ்ட் கார்டு வருது." எனக்கு அப்போது எதுவும் கேட்கவில்லை. இறக்கி, இறக்கை நின்ற பிறகுதான் தெற்கே சத்தம் தெளிவானது. வாழ்நாள் முழுக்கக் கடலைக் காதால் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். ட்ரோன் பறக்கும்போது வானத்தை மட்டும் கவனிக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும் என்பதை நான் கட்டாயமாக்கிக்கொண்டது அன்றிலிருந்து.

இவ்வளவு சின்னப் பொருள் ஒரு விமானத்தை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2017 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே, சுமார் 300 அடி உயரத்தில் பறந்த அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது டிஜேஐ பேன்டம் 4 மோதியது. விசிறி அலகில் பள்ளம் விழுந்தது. ட்ரோனை இயக்கியவர் இரண்டரை மைல் தள்ளி, திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மோதியதே அவருக்குத் தெரியவில்லை. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயை அணைக்கக் கடல்நீர் அள்ளிப் போய்க்கொண்டிருந்த கனடாவின் சிஎல்-415 விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் தீ கொழுந்துவிட்டெரிந்த நாட்களில் அதைப் பயன்படுத்த முடியாமல் போனது. அந்த ட்ரோன் 250 கிராமுக்கும் குறைவான வகை என்று செய்திகள் வந்தன. அதுவும் இயக்கியவரின் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது.

பறவை மோதுவதைப் போன்றதுதானே என்ற வாதமும் நிற்காது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்காகப் பல்கலைக்கழகங்கள் செய்த ஆய்வு, ஒரே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் அதிகச் சேதம் செய்யும் என்று காட்டியது. பறவை சதை, மோதியதும் சிதறும். மோட்டாரும் பேட்டரியும் கேமராவும் கெட்டியானவை.

நம் ஊரில் அந்த லாஸ் ஏஞ்சலிஸ் நிலைமை எப்போது வரும் என்று யோசிக்க வேண்டியதில்லை, வந்திருக்கிறது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் திருவொற்றியூர்க் கரை வரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தை நிரப்பியது. படகும் வலையும் கருத்துப்போயின. மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். அந்த நாட்களில் எண்ணெய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஊருக்குக் காட்டியதில் மேலிருந்து எடுத்த படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே வானத்தில்தான் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்களும் சுற்றின. எண்ணூரில் ஒரு ட்ரோன் என்பது வெறும் விளையாட்டுப் பொருளாக இருக்க வேண்டியதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கழிவையும் கடல் அரிப்பையும் ஆதாரத்தோடு பதிவு செய்யும் கருவியாக அது இருக்க முடியும். இதை நான் மனதார நம்புகிறேன். ஒரே ஒரு மோதல் நடந்தால் போதும், அந்த வாய்ப்பு எல்லோருக்கும் அடைபடும்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை மாடிகளுக்கு மேலே பறக்கவிடவே வேண்டாம். தடை இருந்தும் பட்டம் விடும் மாஞ்சா நூல் இன்னும் காற்றில் திரிகிறது. அந்த நூல் கேமராவிலும் தெரியாது, கண்ணிலும் தெரியாது. சிக்கினால் ட்ரோன் யார் தலையிலாவது விழும். காசிமேட்டில் மீன் கழிவுக்கு வட்டமிடும் பருந்துகளும் சும்மா விடுவதில்லை. பருந்து பாய்ந்தால் வேகமாக மேலே ஏற்று என்பது ட்ரோன்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. இந்தக் கரையில் அந்த அறிவுரை ஆபத்தானது. பருந்து கூட்டமாகத் தெரிந்தால் ட்ரோனை எழுப்பாமலே இருப்பதுதான் சரி.

பெரிய டிஜேஐ மாடல்களில், உதாரணமாக ஏர் 2எஸ்ஸில், அருகே வரும் விமானம் தன் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடித்து எச்சரிக்கும் வசதி உண்டு. 250 கிராமுக்கு மேற்பட்டவற்றில் 2020 முதல் அதை வைப்போம் என்று நிறுவனம் 2019இல் அறிவித்தது. மினி 2 அந்த எடைக்குக் கீழே இருப்பதால் அது இதில் இல்லை. என் பார்வையில் இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை இது. அந்த வசதி இருந்தாலும், சிக்னலை ஒலிபரப்பாமல் பறக்கும் விமானத்தை எந்த ட்ரோனும் எந்தக் கைபேசி ஆப்பும் காட்டாது.

சட்டம் சிக்கலானதில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையான நானோ வகைக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆளுள்ள விமானத்துக்கு வழிவிட்டு விலகியிருக்க வேண்டிய கடமை நானோவுக்கும் உண்டு. விதி மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கிளம்பும் முன், மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை அன்றன்று திறந்து பாருங்கள். துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையமும் நெருங்கிக் கிடக்கும் பகுதி இது. பச்சை என்று காட்டினாலும் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

என் தீர்ப்பு: பில்லும் முறையான ஆவணமும் உள்ள மினி 2 நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். ஆப்பில் உயர வரம்பை 60 மீட்டராகவும், திரும்பும் உயரத்தை அந்த இடத்துத் தடைகளுக்குச் சற்று மேலாகவும் வையுங்கள். ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டவிடாதீர்கள். இந்த வரம்புகள் போதாது என்று தோன்றுபவர்கள் வடசென்னைக் கடற்கரையில் பறக்கவிட வேண்டாம்.

புயலோ எண்ணெய்க் கசிவோ வந்த நாளில், காணாமல் போன மீனவர்களைத் தேடி ஹெலிகாப்டர் சுற்றும் நாளில், எவ்வளவு அருமையான காட்சி கிடைத்தாலும் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். அந்த ஹெலிகாப்டர் தேடுவது இந்தக் கரையைச் சேர்ந்த ஒருவரை.